வலைக்கண் அளவு

வெப்பமண்டலக் கடலின் நடுவில், கரை கண்ணுக்கே தெரியாத தொலைவில், ஒரு தேக்கரண்டி நீரை அள்ளிப் பார்த்தால் அது கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். பாசி இல்லை, தூசி இல்லை, எதுவுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு கரண்டி நீரில் ஐந்து லட்சம் பச்சை உயிர்கள் வரை இருக்கக்கூடும். அவற்றின் பெயர் புரோக்ளோரோகாக்கஸ். சூரிய ஒளியைப் பிடித்துத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஒரு பாக்டீரியா. ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1,600இல் ஒரு பங்கு. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகச் சிறியதும் இதுதான், எண்ணிக்கையில் மிக அதிகமானதும் இதுதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே 40 பாகை, தெற்கே 40 பாகை என்ற அகன்ற பட்டைக்குள் கடலின் மேற்பரப்பிலிருந்து 200 மீட்டர் ஆழம்வரை இது வாழ்கிறது. நம்முடைய வங்காள விரிகுடாவும் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. உலகக் கடல்களில் இருக்கும் மொத்த எண்ணிக்கை சுமாராக 3 என்று எழுதி அதன்பின் 27 சுழியங்கள் போடும் அளவு.

இந்த உயிரை 1985 வாக்கில்தான் அறிவியல் கவனித்தது. மனிதர் நிலவில் கால்வைத்துப் பதினாறு ஆண்டுகள் கழித்து. பூமியில் எண்ணிக்கையில் மிகுந்த பச்சை உயிர் அதுவரை எப்படித் தப்பியது என்று கேட்டால், ‘அது மிகச் சிறியது, அதனால்’ என்ற பதில் உடனே வரும். அது பாதிப் பதில்தான். எந்தக் கருவியால் கடலை அளந்தார்கள், அந்தக் கருவியைப் பிடிக்க யாருக்கு அனுமதி இருந்தது, கருவி காட்டியதில் எதை ‘இருக்கிறது’ என்றும் எதை ‘இரைச்சல்’ என்றும் பிரித்தார்கள் என்பதெல்லாம் மீதிப் பதில். பெண்களாகிய நமக்குப் பழக்கமான கேள்விகள் இவை. அதனால்தான் ஒரு பாக்டீரியாவின் வரலாற்றை இந்தத் தொகுப்பில் எழுதுகிறேன்.

மாவுச் சல்லடையும் கடலும்

நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் உயிர்களுக்கு ‘பிளாங்டன்’ என்று 1887இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் கீல் நகரத்து விஞ்ஞானி விக்டர் ஹென்சன். கடலில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று வெறும் வருணனையாக அல்லாமல் எண்ணிக்கையாகவே சொல்ல வேண்டும் என்று விரும்பியவர் அவர். 1889இல் அட்லாண்டிக் கடலில் ஒரு பெரிய ஆய்வுப் பயணத்தை நடத்தினார். அவருடைய வலை பட்டுத்துணியால் ஆனது. மாவு ஆலைகளில் மாவைச் சலிப்பதற்காக நெய்யப்பட்ட மிக நுண்ணிய கண்கள் கொண்ட துணி அது. அந்தக் காலத்தில் அதைவிடச் சீரான கண் கொண்ட துணி வேறு கிடைக்கவில்லை.

மாவு சலித்த கைகளுக்குச் சல்லடையின் இயல்பு தெரியும். மேலே நிற்பதுதான் கணக்கில் வரும், கீழே இறங்கியது வேறு பாத்திரத்துக்குப் போய்விடும். கடலில் அந்த வேறு பாத்திரம் கடலேதான். வலையில் நின்ற உயிர்களை எண்ணினார்கள். வலைக்கண் வழியே போனவை மீண்டும் நீராகிவிட்டன. வெப்பமண்டலக் கடலின் நடுப்பகுதிகளில் வலை ஏறத்தாழ வெறுமையாக வந்தது. அந்தப் பகுதிகளைக் கடலின் பாலைவனங்கள் என்று சொல்லும் வழக்கம் ஊன்றிப்போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கீல் நகரத்து ஹான்ஸ் லோமன் ஒன்றைக் கவனித்தார். கடலில் மிதக்கும் ஒருவகைச் சிறு விலங்கு தன் உடலைச் சுற்றிக் கூழ்போன்ற வீடு கட்டி, அதற்குள் ஒரு வடிகட்டியும் வைத்துக்கொள்கிறது. அந்த வடிகட்டியில், மனிதரின் பட்டுவலையில் ஒருபோதும் சிக்காத நுண்ணுயிர்கள் குவிந்திருந்தன. வலை வெறுமையாக வருவதால் கடல் வெறுமை என்று ஆகாது என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும் வலையின் கணக்கு நெடுங்காலம் கடலின் கணக்காகவே நீடித்தது.

கப்பலில் ஏறாதவர்கள்

இதே காலத்தில் நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து வகைப்படுத்தும் வேலையில் பெண்கள் பலர் இருந்தார்கள். பொறுமை வேண்டிய, கண்ணைக் கெடுக்கும், பெரும் புகழ் தராத வேலை. ஈஸ்டர் எல்லன் கப் 1934இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கடலியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று கருதப்படுபவர். வட அமெரிக்க மேற்குக் கரையின் டயட்டம் பாசிகளைப் பற்றிய அவருடைய நூல் 1943இல் வெளிவந்து பல தலைமுறை மாணவர்களுக்குக் கையேடாக இருந்தது. நூல் வெளிவந்தபோது அவர் அந்த நிறுவனத்தில் இல்லை. அவருடைய பணி தொடரவில்லை, பள்ளி ஆசிரியராகிவிட்டார்.

மேரி சியர்ஸ் கிழக்குக் கரையின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் தொடக்ககால ஆய்வாளர்களுள் ஒருவர். மிதவை உயிர்களைப் பற்றிய வல்லுநர். அந்த நிறுவனத்தின் கப்பல்களில் பெண்கள் ஏற அனுமதி இல்லை. கடலைப் படிக்கும் ஒருவர், அடுத்தவர் கொண்டுவந்து கொடுத்த குடுவைகளின் வழியேதான் கடலைப் பார்க்க முடிந்தது. இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்து அதன் கடலியல் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை தன் ஆய்வுக் கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயரை வைத்தது. கப்பலில் ஏற்றாதவரின் பெயரைக் கப்பலில் எழுதுவது எளிதாக இருந்திருக்கிறது.

பெண்களைக் கப்பலில் ஏற்றாததற்கு அந்நாளில் வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, தனிக் கழிப்பறை இல்லை என்பது. இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றும்விடும். கழிப்பறை கட்டாமல் இருந்துவிட்டு, கழிப்பறை இல்லை என்பதையே காரணமாகக் காட்டும் இடங்கள் அவர்களுக்கும் தெரியும்.

இங்கிலாந்தில் மேரி பார்க், ஐல் ஆஃப் மேன் தீவிலும் பின்னர் பிளிமத்திலும், சிப்பிக் குஞ்சுகளுக்கு எந்த நுண்பாசி உணவாகும் என்று தேடிக் கடல்நீரிலிருந்து மிகச் சிறிய உயிர்களைப் பிரித்துக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார். அவர் 1949இல் விவரித்துப் பெயரிட்ட ஐசோகிரைசிஸ் கால்பானா என்ற பாசி இன்றும் உலகெங்கும் சிப்பிப் பொரிப்பகங்களில் வளர்க்கப்படுகிறது. தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்த ஆய்வுகளிலும் அதுவே தீவனம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரீன் மாண்டன், எலெக்ட்ரான் நுண்ணோக்கியை மேரி பார்க்கின் குழாய்களின் பக்கம் திருப்பினார். இருவரும் சேர்ந்து 1960இல் ஆராய்ந்து வெளியிட்டவற்றுள் மைக்ரோமோனாஸ் என்ற உயிரும் ஒன்று. அது ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்கே இருக்கும் பச்சை உயிர். சிறியவற்றின் உலகம் எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே காட்டியவர்களில் இவர்கள் இருவரும் உண்டு.

இரைச்சல்

1979இல் வுட்ஸ் ஹோலைச் சேர்ந்த ஜான் வாட்டர்பரியும் அவருடைய குழுவினரும், ஒளிரும் நுண்ணோக்கியின் கீழ் கடல்நீரில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளைக் கண்டார்கள். அது சினெக்கோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா. திறந்த கடலின் ஒளிச்சேர்க்கையில் பாக்டீரியாக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அப்போதுதான் உறைக்கத் தொடங்கியது.

சாலி சிஷோம் அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளம் பேராசிரியர். பென்னி என்று எல்லோரும் அழைப்பார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரை ஊரான மார்க்கெட்டில் 1947இல் பிறந்தவர். 1976இல் அந்தக் கழகத்தில் அவருக்குக் கிடைத்த இடம் கட்டடப் பொறியியல் துறையில், நீர் ஆய்வகத்தில். பொறியாளர்களுக்கு நடுவே ஒரு உயிரியலாளர். மருத்துவமனைகளில் இரத்த அணுக்களைப் பிரித்து எண்ணப் பயன்பட்ட ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரத்தைக் கடல்நீருக்குப் பயன்படுத்தலாம் என்று அவருடைய குழு முயன்றது. நீரை நூலிழைபோல் மெல்லிய ஓட்டமாக்கி லேசர் ஒளியின் குறுக்கே விடுவார்கள். ஒவ்வொரு உயிரணுவும் ஒளியைக் கடக்கும்போது ஒளியைச் சிதறடிக்கும். பச்சையம் இருந்தால் சிவப்பாக ஒளிரும். அந்த மின்னல் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் திரையில் விழும்.

சிஷோமின் குழுவில் இருந்த ராபர்ட் ஆல்சன் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றி சினெக்கோகாக்கஸை எண்ணிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில், மிக மங்கலான சிவப்புப் புள்ளிகள் கும்பலாகத் தெரிந்தன. கருவியின் மின்னணு இரைச்சல் என்றுதான் முதலில் எண்ணினார்கள். எந்தக் கருவியிலும் இரைச்சல் உண்டு. அதைக் கழித்துவிட்டுத்தான் அளவை எழுதுவார்கள். ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் அந்த இரைச்சல் கூடிக்கொண்டே போனது. கருவியின் இரைச்சலுக்குக் கடலின் ஆழம் தெரிய வழியில்லை. ஆழத்துக்கேற்ப மாறுவது கடலில் உள்ள ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் பின்னர் புரிந்தது. மேல்நீரில் வெயில் அதிகம், அங்குள்ள அணுக்களுக்குக் குறைந்த பச்சையமே போதும். அதனால் அவை மங்கலாகத் தெரியும், இரைச்சலோடு கலந்துவிடும். ஆழத்தில் வெளிச்சம் அரிது, அங்கே ஒவ்வொரு அணுவும் பச்சையத்தை நிறைத்து வைத்திருக்கும். அதனால் கூடுதலாக ஒளிரும். தமிழில் ‘ஒளி’ என்ற ஒரே சொல் வெளிச்சத்தையும் குறிக்கிறது, ‘மறைந்துகொள்’ என்றும் பொருள்படுகிறது. மேல்நீரில் ஒளியிலேயே ஒளிந்திருந்த உயிரைக் காட்டிக்கொடுத்தது இருட்டுதான்.

1988 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஆறு பேர். முதல் பெயர் சிஷோமுடையது. 1992இல் அந்த உயிருக்குப் புரோக்ளோரோகாக்கஸ் என்று முறையான பெயர் கிடைத்தது.

இதற்கு முன்பே அதன் தடயங்கள் வேறு ஆய்வுகளில் பதிவாகியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1979இல் எடுக்கப்பட்ட எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அதைப் போன்ற அணுக்கள் இருந்தன. 1983இல் டச்சு விஞ்ஞானிகள் இருவர் அட்லாண்டிக் நீரில் இனம் தெரியாத ஒரு பச்சைய வகையைக் கண்டு, இனம் தெரியாதது என்றே எழுதி வைத்தார்கள். அது இந்த பாக்டீரியாவுக்கே உரிய பச்சையம். தடயம் கண்ணில் பட்டிருந்தது. அதற்கு உரியவர் யார் என்ற கேள்வி மட்டும் காத்திருந்தது.

சிறியதன் வாழ்க்கை

நடுக்கடல் நீரில் உணவுச்சத்து மிகக் குறைவு. அங்கே சிறிய உடல் ஒரு வசதி. உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் அளவோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடும். அரிதாகக் கிடைக்கும் சத்தை அதிகமாக உறிஞ்சலாம். மரபணுக்களும் குறைவு. மிகச் சிக்கனமான வகைகளில் ஏறத்தாழ 1,700தான். மனிதருக்குச் சுமார் 20,000. இவ்வளவு குறைந்த முதலை வைத்து ஒளி, நீர், கரியமிலவாயு, கொஞ்சம் உப்புச்சத்து இவற்றிலிருந்து ஒரு முழு உயிரை அது ஆக்குகிறது.

ஆனால் ஒரே மாதிரியான உயிர் அல்ல அது. சிஷோமின் ஆய்வகத்தில் லிசா மூர், கேப்ரியல் ரோகாப் ஆகிய இரு மாணவியர் அவரோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கடற்பகுதியில் மேல்நீரின் பிரகாசத்துக்குப் பழகிய வகையும் ஆழத்தின் மங்கலுக்குப் பழகிய வகையும் தனித்தனியே இருப்பதைக் காட்டியது. மேல்வகையை ஆழத்தில் விட்டால் ஒளி போதாது. ஆழத்து வகையை மேலே கொண்டுவந்தால் வெயில் தாங்காது. 2014இல் வந்த ஓர் ஆய்வு, சிறிதளவு கடல்நீரில்கூட நூற்றுக்கணக்கான உட்பிரிவுகள் ஒன்றாக வாழ்வதைக் கண்டது. ‘புரோக்ளோரோகாக்கஸ்’ என்று ஒருமையில் சொல்வது நம் வசதிக்காக. ‘பெண்’ என்று ஒருமையில் சொல்வதைப் போலத்தான்.

அது தனித்து வாழும் உயிரும் அல்ல. வெயில் படும் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நச்சு உண்டாகிறது. அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் செய்யும் மரபணு இதனிடம் இல்லை. சுற்றியிருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நச்சை நீக்கிவிடுகின்றன. அந்த நீரில் இது பிழைக்கிறது. தான் ஆக்கிய கரிமச்சத்தில் ஒரு பங்கை இது நீரில் கசியவிடுகிறது. மற்றவை அதை உண்கின்றன. ஆய்வகத்தில் இதைத் தனியாகப் பிரித்து வளர்ப்பது கடினமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி டெபி லிண்டலும் மற்றவர்களும் செய்த ஆய்வுகள் இன்னொரு வியப்பைத் தந்தன. அந்த வைரஸ்கள் ஒளிச்சேர்க்கை மரபணுக்களைத் தம்மோடு சுமந்து திரிகின்றன. பிடித்த அணு சாகும்வரை அதன் ஒளிச்சேர்க்கை நிற்காமல் பார்த்துக்கொள்கின்றன. தமக்குத் தேவையான ஆற்றல் அதிலிருந்து வருகிறது அல்லவா?

பச்சையம்தான் கடலில் ஒளியைப் பிடிக்கும் ஒரே வழி என்ற கணக்கும் 2000இல் உடைந்தது. ஓடெட் பெஜா, எட்வர்ட் டிலாங் ஆகியோரின் குழு கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடா நீரிலிருந்து எடுத்த மரபணுக்களில், புரோட்டியோரொடாப்சின் என்ற புரதத்துக்கான குறிப்பைக் கண்டது. நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் ரெட்டினால் என்ற, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் பொருள்தான் இதிலும் ஒளியை வாங்குகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் ஒளியால் உணவு ஆக்குவதில்லை. ஒளியின் ஆற்றலைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்கின்றன. சில கடல் பாக்டீரியாக்கள் இருட்டைவிட வெளிச்சத்தில் நன்றாக வளர்கின்றன என்று லாரா கோமஸ்-கொன்சார்னாவும் அவருடைய குழுவும் 2007இல் காட்டினார்கள். அவர் தலைமையில் 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, மத்தியதரைக் கடலிலும் கிழக்கு அட்லாண்டிக்கிலும் ரெட்டினாலை நேரடியாக அளந்தது. இந்த வழியில் பிடிபடும் சூரிய ஆற்றல் பச்சையத்தின் வழியே பிடிபடுவதற்கு இணையாக, சில இடங்களில் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம் என்று அது சொல்கிறது. பச்சையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவரை இந்த ஆற்றல் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

டேப்பால் அளந்தவர்கள்

சிஷோம் கடலில் இரைச்சலைப் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் வேலை செய்த கழகத்திலும் ஓர் இரைச்சல் இருந்தது. பெண் பேராசிரியர்களுக்குக் கிடைக்கும் இடமும் பணமும் மதிப்பும் குறைவு என்று ஒவ்வொருவரும் தனித்தனியே உணர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அது தன் சொந்தக் குறை, தன் சுபாவத்தின் கோளாறு என்றே எண்ணியிருந்தார்கள். நான்சி ஹாப்கின்ஸ் என்ற மரபணுவியல் பேராசிரியர் தம் மீன்தொட்டிகளுக்குக் கூடுதலாக 200 சதுர அடி கேட்டுக் கிடைக்காதபோது, இரவு நேரங்களில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் எல்லோருடைய ஆய்வகங்களையும் அளந்தார். அவருக்கு இருந்தது 1,500 சதுர அடி. மூத்த ஆண் பேராசிரியர்களுக்கு அதைப்போல இருமடங்கும் அதற்கு மேலும்.

1994இல் அவர் மற்றப் பெண் பேராசிரியர்களிடம் பேசினார். அறிவியல் புலத்தின் ஆறு துறைகளிலும் சேர்த்துப் பெண்கள் 22 பேர், ஆண்கள் 252 பேர். பணி நிலைப்பு பெற்ற பெண்கள் பதினைந்தே பேர். பதினாறு பெண்கள் கையெழுத்திட்டுப் புலத் தலைவரிடம் சென்றார்கள். உயிரியல் துறையிலும் இடம் பெற்றிருந்த சிஷோம் அவர்களுள் ஒருவர். பின்னர் அமைந்த ஆய்வுக் குழுவிலும் அவர் இருந்தார். சம்பளம், இடம், விருதுப் பரிந்துரை, குழுப் பொறுப்புகள் என ஒவ்வொன்றாகத் தரவு சேர்த்தார்கள். 1999இல் வெளியான அறிக்கை, பெண்களின் விகிதம் எட்டு சதவீதத்திலேயே குறைந்தது பத்தாண்டுகளாக அசையாமல் நின்றிருந்ததையும், மூத்த பெண்கள் ஓரங்கட்டப்பட்டிருந்ததையும் சொன்னது. பாகுபாட்டில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி தோற்றம் என்று தாம் நினைத்திருந்ததாகவும், உண்மையே பெரும்பகுதி என இப்போது தெரிந்துகொண்டதாகவும் கழகத்தின் தலைவர் சார்லஸ் வெஸ்ட் எழுதினார்.

இங்கே நான் ஓர் ஒற்றுமையை மட்டும் சுட்ட விரும்புகிறேன். தனித்தனிப் புள்ளியாக இருந்தபோது அந்தப் பெண்களின் அனுபவம் இரைச்சல். ஒன்றாக வைத்து எண்ணியபோது அது அளவு. திரையில் நடந்ததும் அதுவே.

வங்கியிருப்பும் வரவுசெலவும்

இயற்கையைப் பார்த்துப் பெண்களுக்குப் பாடம் சொல்லும் பழக்கம் ஆபத்தானது. ‘இயற்கையே இப்படித்தான்’ என்று சொல்லித்தான் நம்மை அடுப்படியில் நிறுத்தினார்கள். ஆகவே, சிறியதாக இரு, குறைவாக உண், கசியவிடு என்று இந்தப் பாக்டீரியா நமக்குச் சொல்வதாக நான் எழுதமாட்டேன். அதற்கு நம்மைத் தெரியாது. நாம் கற்க வேண்டியது அதை எண்ணத் தவறிய முறையிலிருந்து.

உலகில் தாவரங்களும் பாசிகளும் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் பொருளில் ஏறத்தாழப் பாதி கடலில் ஆகிறது. ஆனால் உலகின் மொத்தப் பச்சை உயிர்ப்பொருளை எடை போட்டால் கடலின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. காட்டு மரம் தன் உழைப்பை மரமாகச் சேர்த்து வைக்கிறது, பார்த்தவுடன் தெரிகிறது. புரோக்ளோரோகாக்கஸ் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த அளவுக்கு அதைவிடச் சற்றே பெரிய நுண்ணுயிர்களாலும் வைரஸ்களாலும் குறைந்துவிடுகிறது. மறுநாள் காலை எண்ணினால் நேற்றைய எண்ணிக்கைதான். எதுவும் நடக்காததுபோல. நடந்ததெல்லாம் உணவாகிப் போய்விட்டது.

காலையில் வடித்த சோறு இரவில் மிஞ்சவில்லை என்பதால் அன்று சமையல் நடக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? நாடுகளின் கணக்கு அப்படித்தான் சொல்லிவந்தது. நேச்சர் கட்டுரை வந்த அதே 1988இல், நியூசிலாந்தின் மரிலின் வேரிங் எழுதிய ‘இஃப் வுமன் கவுண்டட்’ வெளிவந்தது. ஊதியமில்லாத வீட்டு உழைப்பை உலகப் பொருளாதாரக் கணக்கு முறை எப்படி வெளியே நிறுத்துகிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டிய நூல் அது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் சொன்னது. அந்த நிமிடங்கள் அதற்கு முந்தைய தலைமுறைகளிலும் இருந்தவைதான், கேட்கத்தான் ஆளில்லை.

கணக்கில் வந்த பிறகு

கணக்கில் வருவதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. எண்ணப்பட்டதற்கு விலையும் வைக்கப்படும். கடலில் இரும்புச்சத்து குறைந்த பகுதிகள் உண்டு. அங்கே இரும்பைத் தூவினால் பாசி பெருகும், அது கரியமிலவாயுவை உறிஞ்சிக்கொண்டு ஆழத்தில் அமிழும் என்ற கருத்து 1980களின் இறுதியில் பேசப்பட்டது. ஆய்வாகத் தொடங்கியதை வணிகமாக்க நிறுவனங்கள் வந்தன. கடலில் இரும்பைக் கொட்டி, கார்பன் கடன்பத்திரம் விற்கலாம் என்பது திட்டம்.

சிஷோம் இதை வெளிப்படையாக எதிர்த்தார். 2001இல் பால் ஃபால்கோவ்ஸ்கி, ஜான் கல்லன் ஆகியோருடன் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், கடலுக்கு உரமிடுவதற்குக் கார்பன் வணிகத்தில் இடமளிக்கக் கூடாது என்று வாதிட்டார். இரும்பு தூவினால் பெருகுவது பெரிய பாசிகள்; உணவு வலையின் அமைப்பே மாறும். அமிழ்ந்தது அழுகினால் ஆழத்தில் ஆக்சிஜன் குறையும். வேறு பசுமைக்குடில் வாயுக்கள் எழலாம். பொதுவான கடலை மாற்றுவதன் விளைவு எல்லோருக்கும், வரும்படி சிலருக்கு. 2008இல் கடலில் கழிவு கொட்டுவதற்கு எதிரான லண்டன் உடன்படிக்கையின் நாடுகள், முறையான ஆராய்ச்சி தவிர மற்ற உரமிடுதலை அனுமதிக்கக் கூடாது என்று தீர்மானித்தன. அது கட்டாயமாக்கும் தீர்மானம் அல்ல. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்பு சல்பேட் கொட்டப்பட்டது.

அதோடு, யாரும் திட்டமிடாமலே கடலில் கொட்டப்படுவது ஒன்று இருக்கிறது. 1998இல் ஒளிவகைகளைப் பிரித்துக் காட்டிய மாணவி லிசா மூர், பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். அங்கே சாஷா டெட்டு தலைமையில் அவரும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மளிகைக்கடை பிளாஸ்டிக் பைகளையும் பி.வி.சி. விரிப்புகளையும் கடல்நீரில் ஊறவைத்தார்கள். அந்தச் சாற்றில் புரோக்ளோரோகாக்கஸை வளர்த்தபோது அதன் வளர்ச்சியும் ஆக்சிஜன் ஆக்கமும் குறைந்தன. சில மரபணுக்களின் இயக்கம் மாறியது. ஆய்வகத்தில் கண்ட விளைவு இது. திறந்த கடலில் சாறு எவ்வளவு நீர்த்திருக்கும் என்பது வேறு கேள்வி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் பை நம் வீட்டிலிருந்து போனதுதான்.

சிஷோமுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும், 2019இல் சுவீடனின் கிராஃபோர்ட் பரிசும் கிடைத்தன. அவர் ஓவியர் மாலி பேங்குடன் சேர்ந்து குழந்தைகளுக்காகச் சூரிய ஒளியைப் பற்றிப் படப்புத்தகங்கள் எழுதியிருக்கிறார். 2012இல் வந்த ‘ஓஷன் சன்லைட்’ கடலின் நுண்பச்சைகள் எப்படிக் கடல் முழுவதற்கும் சோறு போடுகின்றன என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்கிறது. அப்படியொரு புத்தகத்தைத் தமிழில் நம் மாணவிகளில் ஒருத்தி எழுத வேண்டும். எழுதும்போது கடலை மட்டும் அல்ல, வலையையும் வரைய வேண்டும். ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால், ‘எந்த வலையை வீசினீர்கள், அதன் கண் எவ்வளவு?’ என்று அந்தப் பிள்ளை கேட்கப் பழகட்டும்.